மழை குறையவில்லை, கிணறு ஏன் ஊறவில்லை?

தோட்டத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

எங்கள் தோட்டம் அவிநாசிக்கு வடக்கே. பத்து ஏக்கர். மூன்று ஏக்கரில் தென்னை, மீதியில் மானாவாரிச் சோளமும் கொள்ளும். தாத்தா காலத்துக் கிணறு 60 அடி. கவலை ஓட்டி இறைத்த கிணறு. வடம் உரசிய தடம் கல்லில் இன்னும் இருக்கிறது. அப்புறம் 90 அடிக்கு வெட்டினார்கள். அதற்கப்புறம் கிணற்றுக்குள்ளேயே சைடு போர். அதுவும் போதாமல் வெளியே போர் போட ஆரம்பித்தோம். முதல் போர் 350 அடி, அடுத்தது 700, கடைசியாக நான் போட்டது 1,100. அந்த ராத்திரி முழுக்க வண்டி ஓடியது, வந்ததெல்லாம் புகைதான். கீழே ஓரிடத்தில் மட்டும் கல்லில் லேசாக ஈரம் காட்டியது.

அப்பா ஒரு மழைமானி வைத்திருந்தார். மழை பெய்த மறுநாள் காலையில் அளந்து டைரியில் எழுதுவார். அவர் போன பிறகு நானும் எழுதுகிறேன். போன மாதம் பழைய டைரிகளையும் என்னுடையதையும் அடுக்கி வைத்துப் பார்த்தேன். வருட மொத்தம் பெரிதாகக் குறையவில்லை. சில வருடம் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் பக்கங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. அப்பாவின் ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்கள் முழுக்கச் சின்னச் சின்ன எண்கள். என் டைரியில் வெறும் பக்கங்கள், நடுவே ஒரே ஒரு பெரிய எண், மறுபடி வெறும் பக்கங்கள்.

இது காலநிலை மாற்றமா, நாம் உறிஞ்சித் தீர்த்ததா? ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. எனக்கு எந்தக் கட்சியிலும் சேர முடியவில்லை.

நீர்மட்டம்

தம்பி, உங்கள் அப்பாவின் டைரியைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் பல ஆண்டுகள் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கங்களில் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் உங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடும்பாறை. உங்கள் பகுதியும் அதுதான். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே உளுத்த பாறை, அதற்கும் கீழே வெடிப்பு மட்டும் உள்ள கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அந்த உளுத்த பாறையில்தான். தாத்தா வெட்டிய 60 அடி சரியாக அங்கேதான் நின்றது. அவருக்கு யாரும் புவியியல் சொல்லித்தரவில்லை. கடப்பாறை சொன்னது.

உளுத்த பாறையில் நூறு கனஅடி எடுத்தால், வடித்து எடுக்கக்கூடிய தண்ணீர் ஒன்று முதல் மூன்று கனஅடி தான். கூழாங்கல்லை நெருக்கி அடைத்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. இதனால் இரண்டு விஷயம் நடக்கும். 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் உள்ளே இறங்கினாலே கிணற்றில் ஒரு மீட்டர் ஏறிவிடும். அதே 20 மில்லிமீட்டர் அளவுக்கு இறைத்தாலே ஒரு மீட்டர் இறங்கியும் விடும். எங்கள் வேலையில் இதைத் தினமும் பார்ப்போம். நல்ல மழைக்குப் பிறகு கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். சித்திரையில் அதே கிணற்றில் தவளை கத்தும்.

உங்கள் பக்கம் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பத்தில் ஒரு பங்கு பாறைக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல ஆண்டு. மீதி ஆவியாகும், பயிர் குடிக்கும், ஓடையில் போகும். நிலம் ஒரு மணி நேரத்தில் இவ்வளவுதான் குடிக்கும் என்று ஓர் அளவு உண்டு. அடைமழை அந்த அளவுக்குள் நின்று பெய்யும். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை அதைத் தாண்டிவிடும். தாண்டியது எல்லாம் ஓடை வழியே நொய்யலுக்கு.

காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமப்பது அதிகம், சேர்த்துக்கொள்ள எடுக்கும் நேரமும் அதிகம். அதனால் இடைவெளி நீள்கிறது, விழும்போது மொத்தமாக விழுகிறது. உங்கள் டைரியில் வெறும் பக்கங்களும் ஒரு பெரிய எண்ணும் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். தென்னை மூன்று ஏக்கர் என்றீர்களே, ஒரு கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர். மழையில்லாத 250 நாள். ஏக்கருக்கு 14 லட்சம் லிட்டர் ஆகிறது. 65 மில்லிமீட்டர் உள்ளே இறங்கினால் ஓர் ஏக்கரில் சேர்வது ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். அதாவது ஓர் ஏக்கர் தென்னை ஐந்து ஏக்கருக்கு மேல் பெய்த மழையைக் குடிக்கிறது. உங்கள் மூன்று ஏக்கருக்குப் பதினாறு ஏக்கர் மழை வேண்டும். உங்களிடம் இருப்பது பத்து. பக்கத்துத் தோட்டத்திலும் தென்னை இருந்தால் யாருடைய மழையை யார் குடிப்பது?

மும்முனை

கணக்கு நெஞ்சில் குத்துகிறது ஐயா. ஆனால் நாங்கள் ஏன் தென்னைக்குப் போனோம் என்பதையும் இங்கே யாராவது பதிய வேண்டும். சோளத்துக்கும் பருத்திக்கும் ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கூலி கட்டவில்லை. தென்னை என்றால் ஒரு ஆள் பார்த்துக்கொள்வான். நாங்கள் பேராசையில் வைத்த மரம் இல்லை அது.

இன்னொன்று. 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்ததே, அந்த வருடம் நான் லாரியில் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினேன். முப்பது வருடத்து மரம், விட மனசு வருமா? அந்த ஒரே கோடையில் எங்கள் ஊரில் போர் வண்டி வெளியே போகவேயில்லை. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டம். மழை திரும்பி வந்த பிறகும் அந்த ஆழமான போர்கள் எல்லாம் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வறட்சி வந்து போனால் ஊரே நூறு அடி கீழே இறங்கிவிடுகிறது. மேலே ஏறுவது இல்லை.

ஈரமண்

மும்முனை அண்ணா சொன்ன கடைசி வரிதான் இந்த விஷயத்தின் முக்கியமான முடிச்சு என்று நினைக்கிறேன். நிலத்தடி நீரியலில் ஆய்வு மாணவி நான். காலநிலை மாற்றம் நிலத்தடி நீரைத் தொடுவது மழை வழியாக மட்டும் இல்லை, நம் மோட்டார் வழியாகவும்தான். வெயில் கூடினால் பயிர் கூடுதலாகக் குடிக்கும், நாம் கூடுதலாக இறைப்போம். இந்தியாவைப் பற்றி 2023இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் கணக்கிட்டது. விவசாயிகள் வெப்பத்துக்கு இன்று எப்படி ஈடுகொடுக்கிறார்களோ அப்படியே தொடர்ந்தால், 2041 முதல் 2080 வரையான காலத்தில் நிலத்தடி நீர் குறையும் வேகம் இப்போதையதைப் போல மூன்று மடங்கு ஆகலாம் என்கிறது. அதனால் "காலநிலையா, உறிஞ்சலா" என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பதே சரியில்லை. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது.

ஆனால் நீர்மட்டம் ஐயா சொன்ன ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கொட்டும் மழை எல்லாம் வீண் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தான்சானியாவில் மகுட்டபோரா என்ற இடத்தில் 55 ஆண்டு நீர்மட்டக் குறிப்பு இருக்கிறது. நமக்குப் போலவே வறண்ட பகுதி, கடும்பாறை. அங்கே பல ஆண்டுகள் நிலத்தடியில் எதுவுமே சேரவில்லை. எப்போதாவது வரும் பேய்மழைதான் மொத்தமாக நிரப்பியிருக்கிறது. சின்ன மழை மண்ணை நனைத்து அப்படியே ஆவியாகிவிடுகிறது, வேருக்குக் கீழே போவதே இல்லை. இந்தியாவில் செய்த ஓர் ஒப்பீட்டிலும் வடமேற்கில் மெல்லிய மழையும் தென்னிந்தியாவில் பலத்த மழையும்தான் நிலத்தடி நீரோடு நெருக்கமாகப் பொருந்துகின்றன.

எனவே பெரிய மழையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அது எங்கே, எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

நீர்மட்டம்

நல்ல திருத்தம் அம்மா. மகுட்டபோரா பற்றி எனக்கும் தெரியும். அங்கே வெள்ளம் மணல் பரந்த ஓடைகளில் நின்று இறங்குகிறது. நம் ஊரில் அந்த ஓடை மணலை என்ன செய்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சொன்ன "எத்தனை நாள் நிற்கிறது" என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

தேரிக்காடு

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். பெரிய மழை பற்றி எங்களிடம் கேளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்களுக்கு ஒரு வருடத்துக்கே அவ்வளவு பெய்யாது. அந்த மழையை நான் இரண்டு விதமான மண்ணில் பார்த்தேன். எனக்கு வீடு தேரியின் ஓரத்தில், மனைவி ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல்.

தேரி செம்மணல். எவ்வளவு கொட்டினாலும் குடித்துக்கொண்டே இருந்தது. மேட்டில் ஓடை என்று ஒன்று கிடையாது, ஓடினால்தானே ஓடை உண்டாகும். அந்தத் தண்ணீர்தான் மெதுவாக நகர்ந்து தேரி அடிவாரத்தில் சுனையாக வெளியே வருகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சுற்றிலும் நெருப்பாகக் கொதிக்கும் மணல், நடுவில் நல்ல தண்ணீர்.

கரிசலில் நடந்தது நேர்மாறு. புரட்டாசி வரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். இரண்டாம் நாள் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு கொட்டுவது எல்லாம் மேலேயே நிற்கும், இல்லையென்றால் ஓடும். கண்மாய்கள் நிறைந்திருந்தாலாவது பரவாயில்லை. ஆற்றுப் பாசனக் குளங்கள் பல அந்த இரண்டு நாளில் கரை உடைந்தன. உடைந்த குளம் நிறைந்த வேகத்திலேயே காலியானது. வீடும் பயிரும் ஆடுமாடும் போயின. அதைவிடக் கொடுமை, அடுத்த வைகாசியில் அதே ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்காக நின்றார்கள்.

அவ்வளவு வெள்ளம் பார்த்த மண்ணில், ஐந்தே மாதத்தில். அந்தக் காட்சி என்னை இன்னும் விடவில்லை.

மீஞ்சூர்ப்பெண்

நீங்கள் எல்லோரும் கிணறு வற்றுவது பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் கிணறு வற்றவில்லை. உப்பாகிவிட்டது.

அம்மா வீடு மீஞ்சூருக்குக் கிழக்கே. சின்ன வயதில் கிணற்றுத் தண்ணீரில்தான் சோறு வடித்தோம். இப்போது அதில் சோப்பு நுரைப்பதில்லை. பித்தளைக் குழாய் பச்சை பூத்துவிடுகிறது. முற்றத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். வீட்டைச் சுற்றி மூன்று பக்கம் தண்ணீர், குடிக்க கேன் வாங்குகிறோம்.

எங்கள் நிலம் உங்களுடையது போலப் பாறை இல்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து போட்ட மணல். கைகொள்ளாத தண்ணீர் இருந்த இடம். அதனால்தான் 1960களின் இறுதியிலிருந்து இங்கே பெரிய ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தார்கள். எடுக்க எடுக்கக் கடல் உள்ளே வந்தது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, எண்ணெய் மிதப்பது போல. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறி வரும். நாம் மேலே எடுப்பது கையளவுதான் என்று நினைக்கிறோம். கீழே அது நாற்பது கையளவு.

உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் நடுவே 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடிக்கொண்டே போகிறது. எங்கள் கிணற்றைக் கெடுத்தது கடல் உயர்ந்ததால் அல்ல, உறிஞ்சியதால். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் இனி உறிஞ்சாமல் இருந்தாலும், அந்த உப்பைத் திருப்பித் தள்ள மேலே நிற்க வேண்டிய நல்ல தண்ணீரின் அளவு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் கூடுகிறது. மழையோ நின்று பெய்ய மறுக்கிறது. இரண்டு பக்கமும் எங்களை நெருக்குகிறது.

மீஞ்சூரில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளைக்கு 10 கோடி லிட்டர் தருகிறது. அதன் சுவரைத் தாண்டினால் எங்கள் கிணறு.

வலிகாமம்

மீஞ்சூர்ப்பெண் அக்கா எழுதினதை வாசிக்க எங்கட ஊரை வாசிச்ச மாதிரி இருந்தது. நான் யாழ்ப்பாணம்.

எங்களுக்கு ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்று, மாரியில் மட்டும் ஓடும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மாரி மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, அந்தக் கல்லின் பொந்துகளில் தேங்கி, உப்பின் மேல் ஒரு வில்லை போல நிற்கும். அக்கா சொன்ன அதே ஒன்றுக்கு நாற்பது கணக்குத்தான். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதை அதிசயம் என்று காட்டுவார்கள். எனக்கு இப்போது அதைப் பார்த்தால் அதிசயமாய்த் தெரியவில்லை, குடாநாட்டின் படம் ஒன்றைக் கிணற்றுக்குள் வைத்திருக்கிறது போலத் தெரிகிறது.

பாறை உள்ளவர்களுக்கு நீர் இறங்க மாட்டேன் என்கிறது. எங்களுக்கு இறங்கினதெல்லாம் நிற்க மாட்டேன் என்கிறது. மாரியில் நிறைந்தது கல்லுக்குள்ளாலேயே கடலுக்கும் களப்புக்கும் (கடலோரக் கழிக்கும்) கசிந்துபோய்விடும். துலா மிதித்த காலத்தில் ஒரு ஆள் நாள் முழுக்க இறைத்தாலும் கிணற்றுக்குத் தெரியாது. மோட்டார் வந்த பிறகு பங்குனியிலேயே தண்ணீர் உவர்க்கத் தொடங்கும் கிணறுகள் உண்டு. அதோடு வெங்காயம், மிளகாய், புகையிலைக்கு நாங்கள் போட்ட உரம் நைத்திரேற்றாகக் கீழே இறங்கியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது. தண்ணீர் குறைய அதன் செறிவு கூடும்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்து குடாநாட்டையே மூழ்கடித்தது. எல்லாம் வெள்ளவாய்க்கால் வழியாகக் களப்புக்குப் போனது. வயல் வரப்பு, கேணி, ஊருக்கு ஊர் இருந்த சின்னக் குளங்கள், இவைதான் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நாள் மறித்து வைக்கும். அதில் எத்தனை இன்று வீட்டுக்காணி! தொண்டைமானாறு, உப்பாறு களப்புகளை நன்னீராக்கினால் சுற்றியுள்ள கிணறுகள் மாறும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் திட்டம் போட்டார். எழுபது வருடமாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஈரமண்

நான்கு மண்ணைப் பற்றி நான்கு பேர் எழுதியாகிவிட்டது. ஒரு விஷயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டி "பிரச்சினையே இல்லை" என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2002 முதல் 2013 வரை வடஇந்தியாவில் நிலத்தடி நீர் குறைந்தது, தென்னிந்தியாவில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடியது என்று ஓர் ஆய்வு வந்தது. கிணறு வற்றிய ஊர்க்காரர்களுக்கு அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்? 2019இல் வேறு சிலர் அதே கிணற்றுத் தரவுகளைத் துருவிப் பார்த்தார்கள். வற்றிப்போன கிணற்றில் அளக்க ஒன்றும் இல்லை, அதனால் அது கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது தண்ணீர் உள்ள கிணறுகள் மட்டும். அவற்றின் சராசரி ஏறுவதாகத்தான் தெரியும். செத்தவர்களை விட்டுவிட்டு ஊரின் ஆரோக்கியத்தைக் கணக்கெடுப்பது போல.

நீர்மட்டம்

இதைப் படித்துச் சற்று நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி விழுந்த கிணறுகளில் சிலவற்றைக் கணக்கிலிருந்து நீக்கக் குறிப்பு எழுதியவன் நான். நாடாவை இறக்கினால் அடியில் கல் தட்டும் சத்தம் வரும். "வறண்டது" என்று எழுதுவோம். இரண்டு மூன்று ஆண்டு அப்படியே எழுதினால் பக்கத்தில் வேறு கிணறு தேடச் சொல்வார்கள். விதி அதுதான், அதில் தவறு எதுவும் எனக்கு அன்று தெரியவில்லை. அந்த "வறண்டது" என்ற சொல்தான் இருந்த தரவுகளிலேயே முக்கியமான தரவு என்று இன்று தோன்றுகிறது.

மும்முனை

கதை எல்லாம் கேட்டுவிட்டோம், இனி என்ன செய்வது? தோட்டத்துக்காரன் அண்ணாவுக்குத் தெரிந்திருக்கும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் திறந்தார்களே. பவானி உபரியில் ஒன்றரை டிஎம்சி எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவது என்று. எங்கள் அப்பா அதற்காக ஊர்வலம் போனவர். உங்கள் பக்கத்துக் குட்டைக்கு வந்ததா?

தோட்டத்துக்காரன்

வந்தது அண்ணா. முதல் தடவை குழாயில் தண்ணீர் விழுந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது. சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்த குட்டை அது. ஒரு பாட்டி தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். குட்டைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் இரண்டு கிணறுகளில் தண்ணீர் ஏறியது, நானே எட்டிப் பார்த்தேன். ஆனால் எதிர்பார்த்த அளவுக்குத் தண்ணீர் வேகமாக உள்ளே இறங்கவில்லை. நாள் கணக்கில் அப்படியே நின்று வெயிலில் போனது. கூடவே, நிறைந்த குட்டையை நம்பிக் கரையோரம் புதிதாக மூன்று போர் இறங்கிவிட்டது. ஒன்று எங்கள் சித்தப்பா தோட்டத்தில். கேட்டால், "நான் எடுக்காவிட்டால் அடுத்தவன் எடுப்பான்" என்கிறார். அவரிடம் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீர்மட்டம்

முதல் விஷயத்துக்குப் பதில் இருக்கிறது. நீண்ட காலம் தூர்வாராத குட்டையின் அடியில் மெல்லிய வண்டல் படிந்து களிம்பு பூசியது போல ஆகிவிடும். தண்ணீர் நிற்கும், இறங்காது. மேல் வண்டலை மட்டும் வழித்து எடுங்கள், வயலுக்கு நல்ல உரம். கிராவல் கிடைக்கிறதே என்று ஆழமாகத் தோண்ட விடாதீர்கள். குட்டை பள்ளமாகிவிட்டால் மதகு எட்டாது, கரையும் பலம் இழக்கும். நீர் வரும் ஓடைகளின் அடைப்பையும் பாருங்கள். பவானித் தண்ணீர் வராத நாளில் உங்கள் மழையே அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

இரண்டாவது விஷயம் கடினமானது. 2003இல் நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2013இல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஊறுவதைவிட அதிகமாக எடுக்கும் பகுதிகள். சட்டம் மட்டும் சித்தப்பாவைத் தடுக்காது என்பதும் உண்மை.

மும்முனை

இலவச மின்சாரத்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். 1990 முதல் அது எங்களுக்கு இருக்கிறது. அதை எடுத்தால் முதலில் சாவது ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரன். 1,100 அடி போர் போட வசதி உள்ளவன் மின்கட்டணமும் கட்டிவிடுவான்.

மீஞ்சூர்ப்பெண்

யாரும் அப்படி எழுதவில்லை அண்ணா, கோபப்படாதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் விவசாயிகள் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நகரத்திலும் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. 2003இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சென்னையில் கிணறுகள் ஏறியதை நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது அண்ணா நகரில் வாடகைக்கு இருந்தோம். பிறகு குழிகளில் குப்பை அடைத்தது, மணலை யாரும் கழுவவில்லை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரியும் வறண்டன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2015இல் மூழ்கிய அதே ஊர். குழியைக் கட்டியதோடு சரி என்று இருந்துவிட்டோம். வருடா வருடம் ஆவணியில் திறந்து மணலைக் கழுவிப் போட வேண்டும். அரை நாள் வேலை.

ஈரமண்

சித்தப்பா கேள்விக்கு வருகிறேன். "நான் எடுக்காவிட்டால் அடுத்தவன் எடுப்பான்" என்பதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது அவர் சொல்வதுதான் சரி. ஆந்திராவின் வறண்ட மாவட்டங்களில் சில ஊர்களில் விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ஊர் நடுவில் சுவரில் எழுதி வைத்து, அதைப் பார்த்து என்ன பயிர் வைப்பது என்று பேசினார்கள். தண்ணீர் குறைவாக இருந்த பருவத்தில் நெல்லை விட்டுக் கடலைக்கும் பயறுக்கும் போனவர்கள் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எண் எல்லோர் கண்ணிலும் பட்டது, அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவின் டைரி பாதி வேலையைச் செய்துவிட்டது. மழை எழுதியாகிவிட்டது. கிணற்றை யாரும் எழுதவில்லை.

தோட்டத்துக்காரன்

இதை நான் யோசித்ததே இல்லை. இத்தனை வருடம் மழையை மில்லிமீட்டர் கணக்கில் எழுதியவர்கள், வீட்டுக்கு முன்னால் இருக்கும் கிணற்றை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

சித்தப்பாவிடம் பேசினேன். போர் பற்றி எதுவும் கேட்கவில்லை. குட்டையைச் சுற்றியுள்ள ஏழு கிணறுகளை மாதம் ஒருமுறை அளக்கலாமா, உங்கள் கிணற்றிலும் விடுவீர்களா என்று மட்டும் கேட்டேன். "அளந்து என்னடா பண்ணப்போற" என்றார். ஆனால் வரட்டும் என்றும் சொன்னார். தென்னையில் வயதான ஓர் ஏக்கரை மறுநடவு செய்வதாக இருந்தேன். அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். முழு முடிவு இன்னும் எடுக்கவில்லை, வீட்டில் பேச வேண்டும்.

நீர்மட்டம் ஐயா, அளப்பதற்கு முறை ஏதாவது இருக்கிறதா? என்னிடம் நூறு அடி நாடா ஒன்று இருக்கிறது.

நீர்மட்டம்

அதுவே போதும். நுனியில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டுங்கள். எப்போதும் கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்திலிருந்து இறக்குங்கள், அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் குறி வையுங்கள். முந்தின நாள் மாலையிலிருந்து மோட்டார் ஓடியிருக்கக்கூடாது. விடியற்காலையில் அளப்பது நல்லது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஏழு கிணற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். வறண்டிருந்தால் வறண்டது என்று எழுதுங்கள், அடுத்த மாதமும் அதே கிணற்றுக்குப் போங்கள்.

தோட்டத்துக்காரன்

இன்று காலை ஐந்தரைக்குப் போனோம். சித்தப்பாவும் வந்தார், டார்ச் பிடித்தார். ஏழில் இரண்டு வறண்டது. எங்கள் கிணறு 71 அடி. சித்தப்பாவுடையது 64. அவர் கிணற்றில் தண்ணீர் என்னுடையதைவிட மேலே நிற்கிறது என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரேஷன் கடைச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறோம், பெயிண்ட் வாங்க வேண்டும்.

வலிகாமம்

தம்பி, எங்கட வீட்டுக் கிணற்றை நானும் நாளைக்கு விடிய அளக்கிறேன். இங்கே ஆழம் மட்டும் காணாது, உவர்ப்பும் பார்க்க வேண்டும். அதற்கு ஏதும் மலிவான கருவி இருக்கிறதா, யாருக்கும் தெரியுமோ?

ஈரமண்

இருக்கிறது அண்ணா. பேனா அளவில் ஒரு மின்கடத்துத்திறன் மானி, தண்ணீரில் உப்பு கூடக் கூட எண் கூடும். மேல் தண்ணீரில் ஒன்று, கயிற்றில் போத்தல் கட்டி ஆழத்தில் எடுத்து ஒன்று, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மீஞ்சூர் அக்கா, உங்கள் அம்மா வீட்டுக்கும் ஒன்று வாங்கலாம்.

மீஞ்சூர்ப்பெண்

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.